உப்புவெளிச் சேமக்காலையில் உறங்குவோர்

ஈச்சிலம்பற்றிலிருந்து திருகோணமலைப் பட்டினம் போய்வருவதென்பது எமது முன்னோர் காலத்தில் சாமானியமான காரியமன்று. மூதூர்வரை வண்டியிலோ கால்நடையாகவோ சென்று, அங்கிருந்து லாஞ்சியிலேறிக் கொட்டியாரக் குடாவைக் கடக்கவேண்டும். அன்றேல் தரைவழியே துறைதோறும் பாதையில் ஏறி இறங்கிப் பொழுதைப் போக்கவேண்டும். 2009ஆம் ஆண்டு கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்ட பின் அத்தொல்லை பெரிதும் நீங்கிற்று. இப்போது காலையிற் புறப்பட்டால், கோணேசப் பெருமானைத் தரிசித்து, நிலாவெளிக் கடற்கரையையும் பார்த்துவிட்டுப் பொழுதுபடுமுன் வீடு திரும்பலாம்.

அந்த நிலாவெளி வீதியிலே, பட்டினத்திலிருந்து ஏறக்குறைய 6 கிலோமீற்றர் தொலைவில், உப்புவெளியில் யுத்தச் சேமக்காலை ஒன்று இருக்கிறது. வரிசை வரிசையாகக் கற்கள். நடுவே ஒரு சிலுவை. பஸ்ஸில் போகும்போது எத்தனையோ முறை அதைக் கடந்து போயிருக்கிறோம். கடலைப் பார்க்கும் அவசரத்தில் ஒருவரும் அப்பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை. எமது சங்கத்துக் கூட்டமொன்றில், இம்முறை சுற்றுலாவின்போது அங்கும் இறங்கி மரியாதை செய்து வருவோம் என்று இளைஞர் சிலர் பிரேரித்தபோது, மூத்த போஷகர் ஒருவர் எழுந்தார். “தம்பிமார், வெள்ளைக்காரனுடைய சவக்காலையில் நமக்கென்ன வேலை? அவன் நம்மை ஆண்டவன். அவனுடைய சண்டை அவனுடையது. இந்து வாலிபர் சங்கம் கோயிலுக்குப் போகலாம், குளங்கட்டப் போகலாம். சேமக்காலைக்குப் போய் என்ன செய்வது? போனால் தலை முழுகாமல் வீட்டுக்குள் கால் வைக்கலாமோ?” என்று கேட்டார்.

அது தட்டிக் கழிக்கத்தக்க கேள்வியன்று. அதற்கு அன்று எம்மால் தக்க விடை கூற முடியவில்லை. பின்னர் தேடிப் படித்தும் கேட்டும் அறிந்தவற்றை இம்மலரில் எழுதுகிறோம்.

1942ஆம் ஆண்டின் தொடக்கம் இலங்கைக்குப் பொல்லாத காலம். பெப்ரவரி 15ஆந் திகதி சிங்கப்பூர் யப்பானியர் கையில் வீழ்ந்தது. மார்ச்சு மாதத்தில் இரங்கூன் வீழ்ந்தது. அம்மாத இறுதிக்குள் அந்தமான் தீவுகளும் போயின. பிரித்தானியக் கப்பற்படைக்குக் கிழக்கே எஞ்சியிருந்த பெருந்துறை திருகோணமலைதான். எந்தக் காற்றுக்கும் எந்தப் பருவத்துக்கும் கப்பல்களை அணைத்துக் காக்கும் துறையாகையால், போர்த்துக்கேயர் முதல் ஆங்கிலேயர் வரை எல்லோரும் இதற்காகவே முட்டி மோதினர். இயற்கை தந்த அந்த வரமே எமது பகுதிக்குச் சாபமாயும் வந்து முடிந்தது.

ஏப்ரல் 4ஆந் திகதி, இலங்கைக்குத் தெற்கே ரோந்து சென்ற கனேடிய விமானி லெனாட் பேர்ச்சால் என்பவர் யப்பானியக் கப்பற்படை வருவதைக் கண்டு செய்தி அனுப்பினார். அனுப்பிய கையோடு சுட்டு வீழ்த்தப்பட்டுச் சிறைப்பட்டார். மறுநாள் கொழும்பிலே குண்டு விழுந்தது. தெற்குக் கடலிலே கோர்ண்வால், டோர்செற்சயர் என்னும் இரண்டு போர்க்கப்பல்கள் அமிழ்ந்து 424 பேர் மாண்டனர். ஏப்ரல் 9ஆந் திகதி திருகோணமலையின் முறை வந்தது. சித்திரைப் புத்தாண்டுக்கு நான்கைந்து நாட்களே இருந்தன. புதுத் துணி எடுத்து, பலகாரத்துக்கு மா இடித்துக்கொண்டிருக்க வேண்டிய வேளை அது.

நகுமோ என்னும் தளபதியின் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து புறப்பட்ட விமானங்கள் காலையிலே துறைமுகத்தையும் சீனக்குடா விமானத் தளத்தையும் தாக்கின. முன்னின்று நடத்தியவர், நான்கு மாதங்களுக்கு முன் அமெரிக்கரின் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய அதே பூச்சிடா. சீனக்குடாவிலிருந்து கிளம்பிய பிரித்தானியப் போர் விமானங்கள் சிலவே. வந்தவையோ நூற்றுக்கு மேல். எரெபஸ் என்னும் போர்க்கப்பல் சேதமுற்றது. சகாயிங் என்னும் சரக்குக் கப்பல் துறைமுகத்துக்குள்ளேயே தீப்பற்றி எரிந்தது. அதன் உடல் ஏறக்குறைய எழுபத்தைந்து வருடம் தண்ணீருக்கடியிற் கிடந்து, 2018ஆம் ஆண்டிலேதான் இலங்கைக் கடற்படைச் சுழியோடிகளால் மிதக்கவைத்து அகற்றப்பட்டது. யப்பானிய விமானமொன்று எண்ணெய்க் குதமொன்றின் மேல் வீழ்ந்து, அந்த நெருப்பு ஏழு நாள் அணையாமல் நின்றதென்பர். விமானத்திலிருந்தோர் வேண்டுமென்றே மோதினரா, அடிபட்டு வீழ்ந்தனரா என்பதில் ஆராய்ச்சியாளரிடையே ஒருமைப்பாடில்லை. எவ்வாறாயினும் அவர்களும் தாய் பெற்ற பிள்ளைகளே. அவர்களுடைய சாம்பலும் இம்மண்ணிலேதான் கலந்தது. கொட்டியாரக் குடாவுக்கு இப்பால் எமது பகுதியிலும் வெடியோசை கேட்டதென்றும், வடமேற்கே கரும்புகை நின்றதென்றும் எமது பாட்டன்மார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அதனை அவர்கள் “குண்டு போட்ட வருஷம்” என்றே குறிப்பிடுவர். பிள்ளைகளின் வயதைக்கூட அதைக் கொண்டு கணக்கிடுவதுண்டு.

ஆயினும் அன்றைய பெருஞ்சாவு துறைமுகத்திலன்று, கடலிலே நிகழ்ந்தது. அதுவும் எமது கரையோரமாக ஓடிய கப்பலொன்றுக்கு நிகழ்ந்தது. யப்பானியர் வருகிறார்களென்று அறிந்ததும் 8ஆந் திகதி இரவோடிரவாகத் துறைமுகத்திலிருந்த கப்பல்களை வெளியேற்றினர். அவற்றுள் ஒன்று ஹேர்மிஸ். விமானந்தாங்கிக் கப்பலாகவே முதன்முதலில் வரைபடமிட்டுக் கட்டத் தொடங்கிய கப்பல் இதுவென்று கப்பற் சரித்திரம் கூறும். வாம்பயர் என்னும் அவுஸ்திரேலியப் போர்க்கப்பல் துணைவர, ஹேர்மிஸ் கரையையொட்டித் தெற்கே சென்றது. மூதூருக்குக் கிழக்கேயுள்ள முனையைக் கடந்து, எமது ஈச்சிலம்பற்றுக் கரையையும் வெருகல் முகத்துவாரத்தையும் வாகரையையும் இருளிலே கடந்து மட்டக்களப்புப் பக்கம் போயிற்று. விடிந்தபின், ஆபத்து நீங்கிற்றென்று எண்ணித் திருகோணமலைக்குத் திரும்பும் வழியிலே யப்பானியர் கண்ணிற் பட்டது. விமானந்தாங்கியென்று பெயர், ஆனால் அன்று அதன்மேல் தன்னைக் காக்கப் பறக்கத்தக்க ஒரு போர் விமானமும் இல்லை. சுமார் நாற்பது குண்டுகள் பட்டன. தாக்குதல் தொடங்கி அரைமணி நேரத்துக்குள் கப்பல் அமிழ்ந்தது. தலைவர் ஒன்ஸ்லோ உட்பட 307 பேர் மாண்டனர். வாம்பயரும் உடன் போயிற்று. சற்றுத் தொலைவில் ஹொலிஹொக் என்னும் சிறு போர்க்கப்பலும், எண்ணெய்க் கப்பல்கள் இரண்டும் மூழ்கின. விற்றா என்னும் வைத்தியசாலைக் கப்பல் அவ்வழி வந்ததனாலேயே ஏறக்குறைய 600 பேர் உயிரோடு கொழும்பு சேர்ந்தனர். ஹேர்மிஸ் இன்றும் கல்லடிக்குக் கிழக்கே ஏறத்தாழ 50 மீற்றர் ஆழத்திற் கிடக்கிறது. அதற்குள்ளே கிடப்போருக்குக் கல்லுமில்லை, குழியுமில்லை. அவர்களுடைய பெயர்கள் இங்கிலாந்தின் துறைமுகப் பட்டினங்களிலுள்ள ஞாபகச் சின்னங்களிலே பொறிக்கப்பட்டிருக்கின்றன.

இன்னொன்றும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. அன்று எம்மீது குண்டு போட வந்த ஐந்து தாங்கிக் கப்பல்களுள் மூன்று, இரண்டு மாதம் கழியுமுன் பசிபிக் சமுத்திரத்தில் மிட்வே என்னுமிடத்தில் அமிழ்ந்தன. வென்றவருக்கும் தோற்றவருக்கும் கடைசியிற் கிடைத்தது ஒரே கடல்தான்.

யப்பானியர் திரும்பி வரவில்லை. 1944இல் பிரித்தானியக் கிழக்குக் கப்பற்படை மறுபடியும் திருகோணமலையை இருப்பிடமாக்கிற்று. சுமாத்திராவிலுள்ள சபாங்கைத் தாக்கிய கப்பல்கள் இங்கிருந்துதான் அவ்வாண்டு ஏப்ரலிற் புறப்பட்டன. இங்கிருந்து சென்ற நீர்மூழ்கிகளுட் சில திரும்பவேயில்லை. சண்டையில் மாண்டவர் சிலர். விமான விபத்திலும் காய்ச்சலிலும் மாண்டவர் சிலர். யுத்தம் முடிந்தபின், சிதறிக் கிடந்த சவக்குழிகளை ஓரிடத்திற் சேர்த்துப் பராமரிக்கும் பொருட்டு 1948இல் உப்புவெளிச் சேமக்காலை அமைக்கப்பட்டது. முந்நூறுக்கு மேற்பட்டோர் அங்கே அடக்கப்பட்டிருக்கின்றனர். பிரித்தானியக் கப்பற்படை 1957இல் திருகோணமலையைவிட்டு நிரந்தரமாகப் போய்விட்டது. அதன் பிள்ளைகள் மட்டும் இங்கேயே தங்கிவிட்டனர்.

இவற்றைக் கவனிப்பது பொதுநலவாய யுத்தக் கல்லறை ஆணைக்குழு. பேபியன் வெயர் என்பவரின் முயற்சியால் 1917இல் தொடங்கப்பட்டது. அதன் விதிகள் அறியத்தக்கவை. உடலைச் சொந்த நாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. பணக்காரர் மட்டும் தம் பிள்ளையை எடுத்துச் செல்ல, ஏழை கைவிடப்படுவான் என்பதே காரணம். தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவான கல். கல்லிலே பெயர், படைப்பிரிவு, மாண்ட திகதி, தெரிந்தால் வயது. கீழே குடும்பத்தார் விரும்பிய ஒரு வாசகம். முதல் உலக யுத்தத்தில் அவ்வாசகம் 66 எழுத்துக்குள் அடங்க வேண்டும் என்றும், எழுத்தொன்றுக்கு மூன்றரைப் பென்சு என்றும் விதித்தனர். பிள்ளையைக் கொடுத்த தாய் எழுத்தெண்ணிக் காசு கட்டுவதா என்று கண்டனம் எழவே, விரும்பினாற் கொடுக்கலாம் என்றாக்கினர். பெயர் அறியப்படாதவர் கல்லில், அவரை இறைவன் அறிவான் என்னும் பொருள்பட ஒரு தொடர் இருக்கும். அதைத் தெரிந்தெடுத்தவர் கிப்ளிங் என்னும் ஆங்கிலப் புலவர். யுத்தத்தை ஆதரித்துப் பேசியவர். தம் மகனையும் முனைந்து படையிற் சேர்த்துவிட்டவர். 1915இல் அம்மகன் காணாமற்போக, குழி இன்னதென்று அறியாமலே 1936இல் அவரும் கண்மூடினார்.

நிற்க. உப்புவெளிக்கு முன்னமே பட்டினத்தின் நடுவிலே, மைதானத்தருகே, பழைய சேமக்காலை ஒன்றுண்டு. அங்கே படைவீரர் இருவருடைய கதை சுவையானது. ஒருவர் சாள்ஸ் ஓஸ்ரின் என்னும் கடற்படைத் தளபதி. ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஓஸ்ரினின் தம்பி என்றால் எமது மாணவருக்கு விளங்கும். பன்னிரண்டு வயதளவிற் கடற்படைக் கல்லூரியிற் சேர்ந்தவர், எழுபத்துமூன்றாவது வயதிலும் ஓய்வெடாமற் பர்மா யுத்தத்துக்குப் போய், 1852 அக்டோபரில் ஐராவதி ஆற்றிலே கொலராவினால் இறந்தார். திருகோணமலையில் அடக்கம். மற்றவர் மோல்ஸ்வேர்த் என்னும் பொறியியற் படை அதிகாரி. பகலிலே உத்தியோகம்; இரவிலே தூரதிருட்டிக் கண்ணாடி. திருகோணமலையின் தெளிந்த வானத்திலே வியாழனையும் செவ்வாயையும் ஆண்டுக்கணக்கிற் பார்த்துக் குறித்து வைத்தார். 1908இல் நத்தார் தினத்தன்று மாண்டார். செவ்வாய்க் கிரகத்திலுள்ள பெருங்குழியொன்று இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. படிக்கும் பிள்ளைகள் ஆசிரியரோடு ஒருமுறை போய்ப் பார்க்கத்தக்க இடம் அது.

இனி, எமது போஷகர் கேட்ட கேள்விக்கு வருவோம். மாண்ட வீரனுக்குக் கல்நாட்டி மரியாதை செய்வது வெள்ளைக்காரன் கொண்டுவந்த வழக்கமா? அன்று. கல்லைத் தேடிக் காண்பது, கொண்டுவருவது, நீரிலிட்டுத் தூய்மை செய்வது, நடுவது, படையலிடுவது, வாழ்த்துவது என்று ஒழுங்குமுறையே வகுத்துச் சொல்லுகிறது தொல்காப்பியம். தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் தமிழ்ப்பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்கள் கிடைத்தன; இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்டவை. அவற்றிலொன்று, ஆநிரை கவர்ந்த பூசலில் மாண்ட அந்தவன் என்பவனுக்கு நட்டது. அவன் அரசனல்லன், புலவர் பாடிய வள்ளலுமல்லன். ஆயினும் ஊரார் அவன் பெயரைக் கல்லில் வெட்டி வைத்ததனால் இன்று நாம் அதனை வாசிக்கிறோம். கல்லிலே பெயர் எழுதுவது எமது பாட்டன்மாரின் வேலை. இடையிலே அதனை மறந்தவர்கள் நாமேயாவோம்.

மறந்ததனால் நேர்ந்த நட்டம் சிறிதன்று. அதே யுத்தத்தில் சயாம் பர்மா ரெயிற்பாதை போட யப்பானியர் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழரைக் கொண்டுபோயினர். பசியாலும் பேதியாலும் பல்லாயிரக்கணக்கில் மாண்டனர். அதே பாதையில் மாண்ட வெள்ளைக்காரக் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் ஏறக்குறைய 7,000 கல்லறைகள், பெயரும் எண்ணும் தவறாமல் இருக்கின்றன. தமிழருக்குக் காட்டிலே எரித்த சாம்பல் மட்டுமே. எண்பது வருடங்கழித்து, 2023இலேதான், மலேசியத் தமிழர் முயன்று காஞ்சனபுரியில் அவர்களுக்கு ஒரு நடுகல் நாட்டினர். நடுகல் என்றே அதற்குப் பெயரிட்டனர். அதிலே எழுதுவதற்குத் தனித்தனிப் பெயர்கள் எங்கே கிடைக்கும்?

ஆணைக்குழுவின் சமத்துவமும் குறையற்றதன்று. இந்துச் சிப்பாய்களை அவர்தம் முறைப்படி எரித்தபின் பெயர்களைக் கல்லிற் பொறித்த இடங்களுண்டு. சிங்கப்பூர்க் கிராஞ்சியில் அவ்வாறு ஏறக்குறைய 800 பெயர்கள் இருக்கின்றன. சென்னை நந்தம்பாக்கத்திலும் 1952இல் அமைத்த யுத்தச் சேமக்காலை நன்கு பேணப்படுகிறது. ஆனால் முதல் உலக யுத்தத்தில் மாண்ட ஆசிய, ஆபிரிக்க வீரர்களுள் 45,000 முதல் 54,000 வரையிலானோர் மற்றவருக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை என்றும், இன்னும் குறைந்தது 1,16,000 பேர் பெயரால் நினைவுகூரப்படவேயில்லை என்றும் 2021இல் ஆணைக்குழுவே அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. தன் குற்றத்தைத் தானே எண்ணிச் சொல்லுவது பெரிது; ஆயினும் நூறாண்டு தாமதம்.

எமது நாட்டிலும், எமது கண்முன்னே, நீண்டதொரு யுத்தம் நடந்து 2009இல் முடிந்தது. இப்பகுதியார் அதன் நடுவிலிருந்தவர்கள். அதனை நாம் விரித்தெழுத வேண்டியதில்லை. ஒரு பக்கத்து வீரருக்கு வீதியோரங்களிலே ஞாபகச் சின்னங்கள் நிற்கின்றன. மறுபக்கத்தார் புதைக்கப்பட்ட இடங்கள் யந்திரங்களால் மட்டமாக்கப்பட்டன; பெயர்க்கற்கள் உடைபட்டன. கார்த்திகையில் தாய்மார் வெற்றுத் தரையிலே விளக்கேற்றுவதைக் கண்டிருக்கிறோம். அரசியல் பேசுவது இம்மலரின் நோக்கமன்று. ஆனால் பகைவனாய் வந்து குண்டு போட்டவனுக்கும் ஒரு தாய் உண்டென்று எண்பது வருடத்துக்குப் பின் இலகுவிற் சொல்லுகிறோம். பத்துப் பதினைந்து வருடத்துக்குள் சொல்லுவது எல்லோருக்கும் கடினமாயிருக்கிறது. கல்லை உடைத்தவன் ஒரு பெயரைத்தான் அழித்தான். பெற்றவள் நெஞ்சிலுள்ளதை அழிக்கவில்லை. இதனை அவ்விடங்களிலேயே நின்று கண்டதனாற் சொல்லுகிறோம்.

இவ்வாறெல்லாம் பேசியபின் சங்கம் இரண்டு காரியம் செய்யத் துணிந்தது. ஒன்று, சித்திரை வருஷப்பிறப்புக்கு முன்பாக ஏப்ரல் 9ஆந் திகதியை ஒட்டி உப்புவெளிக்குப் போய்வருவது. மற்றது, எமது பகுதியிலிருந்து அக்காலத்திலே கப்பற்பட்டறைக்கும் சீனக்குடாவுக்கும் கூலிவேலைக்குப் போனவர்கள், போய்த் திரும்பாதவர்கள் ஆகியோரின் பெயர்களை முதியோரிடம் கேட்டு ஒரு கொப்பியில் எழுதிவைப்பது. அந்த வேலை மெதுவாகவே நடக்கிறது. கேட்கப் போன வீடுகளிற் பலவற்றில், சொல்லத் தெரிந்தவர் முந்திய வருடந்தான் காலமானார் என்ற விடையே கிடைக்கிறது. சுனாமியிலும் இடப்பெயர்விலும் பழைய கடுதாசிகள் போயின. ஆகையால் இதை வாசிக்கும் அன்பர்கள், தங்கள் வீட்டில் இருக்கும் அப்பு ஆச்சிமாரிடம் இன்றைக்கே கேட்டு, ஒரு பெயராயினும் எழுதி அனுப்புமாறு வேண்டுகிறோம். முழுப்பெயர் தெரியாவிட்டால் இன்னாருடைய மகன் என்று எழுதினாலும் போதும்.

உப்புவெளிக்குப் போன அன்று, மறுத்துப் பேசிய போஷகரும் எம்மோடு வந்தார். வாயிலிலே நின்றுகொள்வேன் என்று சொல்லித்தான் வந்தார். நாம் உள்ளே போய் வரிசை வரிசையாக நடந்துகொண்டிருக்கையில் திரும்பிப் பார்த்தால், செருப்பைக் கழற்றிவிட்டு அவரும் உள்ளே வந்துகொண்டிருந்தார். கண் தெளிவில்லாதபடியால் ஒரு பையனைப் பிடித்து, “தம்பி, இதிலே என்ன வயது போட்டிருக்கிறது, வாசி” என்றார். இருபத்தொன்று என்றான் பையன். அடுத்தது? பத்தொன்பது. அதற்கடுத்தது? இருபது. இப்படியே அந்த வரிசை முடியும்வரை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பெயரை அவர் கேட்கவில்லை. வயதை மட்டுமே கேட்டார்.

திரும்பும் வழியில் அவர் ஒன்றும் பேசவில்லை. பொழுதுபட்டபின் ஊர் வந்து சேர்ந்தோம். அவரை வீட்டுப் படலையில் இறக்கிவிட்டோம். உள்ளே போகாமல் நேரே கிணற்றடிக்கு நடந்தார். வாளி கிணற்றுக்குள் இறங்கும் சத்தம் கேட்டது. வீட்டார் யாருடைய செத்தவீடு என்று விசாரிப்பதும், “நம்மட பொடியன்கள்தான், கனபேர்” என்று அவர் விடை சொல்லுவதும் இருட்டிலே எமக்குக் கேட்டன.